புளித்தண்ணீரில் எரிந்த விளக்கு

கிதிர்பூர் பாலத்தின் மேல் ஏறிய பிறகுதான் என் சொந்தக் கரண்டியைக் கேன்டீனிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. நின்று யோசித்தேன். பின்னால் வந்த தள்ளுவண்டிக்காரர் "ஷோரோ, ஷோரோ" என்று விலகச் சொல்லி வண்டியின் மூக்கால் என் முதுகைத் தள்ளினார். கரண்டியைப் பற்றிய யோசனை அத்தோடு முடிந்தது. நடந்தேன்.

கார்டன் ரீச்சில் ஒரு பட்டறைக் கேன்டீனில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புளியில் கை கொஞ்சம் தாராளம். அங்கே சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் வங்காளிகள். பருப்பிலேயே சர்க்கரை போட்டு வளர்ந்தவர்கள். சனிக்கிழமை என் சாம்பாரைச் சாப்பிட்ட மேற்பார்வையாளர் ஒருவர் சாயங்காலம் வரை நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தாராம். ஞாயிறு காலையில் ஒப்பந்தக்காரர் என் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மரியாதையான மனிதர். என் சட்டைகளை அவரே மடித்து வைத்திருந்தார்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டு வந்தபோதும் இப்படித்தான் ஒரு பையோடு நடந்தேன். பிறகு திருப்பூர், நாக்பூர், கரக்பூர். வேலை போவது எனக்கு மழை மாதிரி. நனைவேன், காய்வேன். அன்றைக்கு ஒரே குறை, இடது செருப்பின் வார் அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்ததுதான்.

கரியாஹாட் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு மினிபஸ் அந்தச் சணல் செருப்பை உரசிக்கொண்டு போனது. ஓட்டுநரின் பரம்பரையைப் பற்றித் தமிழில் உரக்க விசாரித்தேன். "தமிழா நீ?" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. பருத்திப் புடவை கட்டிய அம்மா ஒருவர், இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாங்க."

"முதல்ல நாக்கை அடக்கு. சமைக்கத் தெரியுமா?"

"தெரியும். சாம்பார்ல புளி ஜாஸ்தின்னு இன்னிக்குக் காலையிலதான் அனுப்பிட்டாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புளி நான் அளந்து தரேன். இந்தப் பையைப் பிடி. எம் பொண்ணோட புரொபசர் சாயங்காலம் டிபனுக்கு வரார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. என்னை மாமின்னு கூப்பிடு, அம்மான்னா எனக்கு வயசான மாதிரி இருக்கு."

வீடு லேக் கார்டன்ஸில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி. மாமியின் கணவர் வங்கி அதிகாரி. அப்போது சிலிகுரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். வீட்டில் மாமியும் மகளும்தான். மகள் ஆராய்ச்சி மாணவி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே தெரு என்பதால் சந்தோஷமும் கோபமும் வங்காளத்தில் வரும், பசி மட்டும் தமிழில் வரும்.

நான் போனபோது அவள் சமையலறையில் அடுப்பின் முன் நின்று ஒரு கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரும்பச்சையாக, தார் மாதிரி இருந்தது.

"இதுவா டிபன்?" என்றேன்.

"ஈஷ்! கிட்ட வராதீங்கோ அண்ணா. இது சாப்பிடறது இல்லை."

"என் நல்ல உருளி," என்றார் மாமி. "இனிமே அதுல மனுஷாளுக்குச் சமைக்க முடியாது."

மகள் கிண்டிக்கொண்டே சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கூழாக இருப்பது மரவள்ளி மாவு, அதாவது ஸ்டார்ச். பச்சையாக இருப்பது மின்சாரம் போகக்கூடிய ஒருவகை பிளாஸ்டிக். இரண்டையும் கலந்து, தட்டில் மெல்லியதாக ஊற்றிக் காயவைத்தால் தாள் மாதிரி உரிந்து வரும். மின்சாரமும் போகும், வேலை முடிந்தபின் மண்ணில் போட்டால் மாவுப் பகுதி மட்கியும் போகும். இதைத்தான் நாலு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

"அப்ப செஞ்சு முடிச்சாச்சுல்ல?"

அவள் ஒரு டிபன் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே பச்சைச் சில்லுகள். மிச்சமிருக்கும் அப்பளத் தூள் மாதிரி.

"வெள்ளிக்கிழமை லேப்ல பண்ணினது. பிரச்சினையே புளிப்புதான் அண்ணா. ஆசிட். அந்தப் பச்சைக்கு ஆசிட் இருந்தாத்தான் உயிர். இல்லைன்னா நீலமாயிடும், கரன்ட் போகாது. ஆனா ஆசிட்டோட சேர்த்துக் கொதிக்க வெச்சுக் காயவிட்டா ஸ்டார்ச் துண்டு துண்டா அறுந்துடும். ஜாஸ்தி போட்டா பல்பு எரியும், தாள் உடையும். கம்மி பண்ணினா தாள் வளையும், பல்பு எரியாது."

புளிப்பால் வேலை கெட்ட இன்னொரு ஆளைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அவளுடைய உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. புரொபசர் மறுநாள் காலை விமானத்தில் ஏதோ மாநாட்டுக்குப் போகிறார். போவதற்கு முன், பல்பை எரிய வைக்கிற, கையில் வளைத்தாலும் உடையாத ஒரு தாளைக் கண்ணால் பார்த்தால் அவளுக்கு நீட்டிப்பு கேட்டு எழுதுவார். பார்க்காவிட்டால் எழுதமாட்டார். எழுதாவிட்டால் அவள் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, அப்பா சொல்லும் வங்கித் தேர்வுக்குப் படிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லேப் பூட்டியிருந்தது. அதனால்தான் இந்தக் கடைசி முயற்சி மாமியின் உருளியில்.

"கூழ் ஆறினதும் தட்டுல ஊத்தி மொட்டை மாடியில வெச்சுடுங்கோ. நான் பல்பும் பேட்டரியும் ஃப்ரெண்டாத்துலேர்ந்து வாங்கிண்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மகள் குடையோடு கிளம்பினாள். வாசலிலிருந்து திரும்பி, "மா, தொடாதே!" என்றாள்.

"நான் ஏன் தொடறேன்?" என்றார் மாமி.

நான் சாம்பாருக்குப் புளி ஊறவைத்தேன். மாமி அளந்து கொடுத்தது எனக்கு அவமானமாக இருந்ததால், டப்பாவிலிருந்து இன்னொரு உருண்டை எடுத்துச் சேர்த்தேன். கரைத்ததைப் பார்த்ததும் மாமி வாயில் கை வைத்தார். "அடப்பாவி, இது சாம்பாருக்கா, பித்தளைப் பாத்திரம் தேய்க்கவா?" பாதிக்குமேல் ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஓரமாக வைக்கச் சொன்னார். வைத்தேன்.

பிறகு மாமி உருளியின் பக்கத்தில் போய் நின்றார். எட்டிப் பார்த்தார். கரண்டியால் ஒரு துளி எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"ஜவ்வரிசிக் கூழ்தானே இது. என்னமோ நாலு வருஷமாப் படிக்கறா."

"அது வேறன்னு சொன்னாங்களே மாமி."

"எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வடாம் போடறேன், அப்பளம் இடறேன். ஒண்ணாவது உடைஞ்சிருக்கா?"

மேல் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டி இறங்கியது. அப்பளக்காரம். அப்பள மாவு விரிசல் விடாமல் இழுபட வேண்டும் என்று சேர்ப்பார்களே, அந்த உப்பு. மாமி ஒரு சிட்டிகை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். மகள் மேல் இருந்த பாசத்தில் இன்னும் ஒரு சிட்டிகை எடுத்தார். கூழில் போட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது.

"பாத்தியா? எப்படிப் பொங்கறது!" என்றார் மாமி.

எனக்கும் நல்ல சகுனமாகத்தான் பட்டது. மாவு பொங்கினால் நல்லது என்பதுதான் என் படிப்பு.

மொட்டை மாடியில் மாமியின் வடாம் ஏற்கெனவே ஒரு பழைய வேட்டியில் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் எவர்சில்வர் தட்டுகளைப் பரப்பிக் கூழை ஊற்றினேன். மே மாத வெயில். ஊற்றும்போதே ஓரம் காயத் தொடங்கிவிட்டது. அவ்வப்போது மேலே போய்க் காக்காய் விரட்டினேன். வடாம் பக்கம் வந்த காக்காய்கள் தட்டின் பக்கம் போகவே இல்லை. ஒன்று மட்டும் தட்டின் விளிம்பில் உட்கார்ந்து, பார்த்து, யோசித்து, பறந்துவிட்டது.

வெயில் சாயும் நேரத்தில் தட்டுகளை இறக்கினேன். அத்தனை அழகான பொருளை நான் செய்ததே இல்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. மயில் கழுத்து நிறம். நுனியை நெம்பினால் ஒரே தாளாக உரிந்து வந்தது. சுருட்டினேன், மடித்தேன், விரிசலே இல்லை.

மகள் வந்தாள். தாளைப் பார்த்தாள். குடையை அப்படியே கீழே போட்டாள்.

"நீலம்," என்றாள்.

"எவ்வளவு நன்னாருக்கு பார்!" என்றார் மாமி.

"மா, இதுல என்ன போட்டே?"

"ஒண்ணும் போடலையே."

"மா."

"ஒரு சிட்டிகை."

"எதுல ஒரு சிட்டிகை?"

"அப்பளக்காரம். உடையாம இருக்கட்டுமேன்னு போட்டேன். உடைஞ்சுதா? சொல்லு, உடைஞ்சுதா?"

"உடையலை."

"பின்னே என்ன?"

"செத்துப்போச்சும்மா! அது ஆசிட்டை மொத்தமாக் கொன்னுடும். அண்ணா, நீங்க பக்கத்துல இருந்தேளே?"

"நுரைச்சுதும்மா. நல்லா வருதுன்னு நினைச்சேன்."

தாளின் இரண்டு ஓரத்திலும் கிளிப் மாட்டி, பேட்டரியோடும் ஒரு சின்னச் சிவப்பு பல்போடும் இணைத்தாள். பல்பு எரியவில்லை. இன்னொரு தாளிலும் எரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வங்காளத்தில் அழுதாள். மாமி முந்தானையைத் திருகிக்கொண்டே, "பேங்க் பரீட்சை அவ்வளவு ஒண்ணும் கஷ்டமில்லைடி," என்றார். அதற்கு மகள் பார்த்த பார்வையில், நான் உளுந்து எப்படி ஊறியிருக்கிறது என்று பார்க்கச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஆனால் அவள் அதிக நேரம் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து குளியலறைக்குப் போனாள். கழிவறை கழுவும் அமிலப் புட்டியோடு வந்தாள். தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு, நீலத் தாளில் தடவினாள். பஞ்சு போன இடமெல்லாம் பச்சையாகத் திரும்பியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிளிப்பை மாட்டினாள். சிவப்பு பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியறது! எரியறது!" என்று மாமி கையைத் தட்டினார்.

கை தட்டி முடிப்பதற்குள் தாள் ஊறிக் கொழகொழத்து, நடுவில் பிளந்து, மேசை விரிப்பில் பச்சைக் களியாக உட்கார்ந்தது. பல்பு அணைந்தது.

"ரொம்ப முரட்டு ஆசிட். நானும் ஜாஸ்தி தடவிட்டேன்," என்றாள். "கொஞ்சம் சாதுவான புளிப்பு வேணும். மா, எலுமிச்சம்பழம்?"

"வடாத்துல பிழிஞ்சாச்சே."

"வினிகர்?"

"நம்மாத்துல ஏதுடி வினிகர்?"

மகள் சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்தாள். கண் என் கிண்ணத்தில் வந்து நின்றது.

"அண்ணா, அது என்ன?"

"மாமி வேண்டாம்னு சொன்ன புளித்தண்ணி."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "பாபா!" என்றாள். "இதையா கேன்டீன்ல போட்டேள்? உங்களை போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்காம விட்டாளே!"

சக்கை போக வடிகட்டச் சொன்னாள். புதிய பஞ்சைத் தொட்டு, பிழிந்து, மிச்சமிருந்த ஒரு நல்ல தாளில் பெயருக்கு ஈரம் படும்படி ஒற்றினாள். மின்விசிறிக்கடியில் பிடித்துக் காயவைத்து, மறுபடி ஒற்றினாள். "விசிறுங்கோ" என்று என்னிடம் பழைய ஆனந்தபஜார் செய்தித்தாளைக் கொடுத்தாள். நான் ஒரு கையால் விசிறி, இன்னொரு கையால் வடை தட்டினேன். நீலம் மெதுவாகக் கலங்கி, ஓரங்களில் பாசி நிறமானது. நடுவில் பழுப்புத் திட்டுகள். என்னுடைய மயில் கழுத்து போயே போய்விட்டது. ஆனால் தாள் தாளாகவே இருந்தது.

கிளிப்பை மாட்டினாள். எதுவும் தெரியவில்லை. மாமி சன்னலைச் சாத்தினார். நான் விளக்கை அணைத்தேன். மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக் குனிந்தோம். பல்புக்குள் கடுகளவு சிவப்பு இருந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது.

புரொபசர் பெரிய உடம்புக்காரர். வியர்த்து, குடையைத் தேடி, கண்ணாடியைத் துடைத்து, அதன் பிறகுதான் எங்களைப் பார்த்தார். சன்னல் சாத்தியிருப்பதைப் பார்த்து, "வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று வங்காளத்தில் விசாரித்தார். முதலில் சாப்பாடு, பிறகு அறிவியல் என்றார். மாமி பரிமாறினார். சாம்பாரில் ஒரு வாய் வைத்தவர் நிறுத்தி, நாகரிகமாக, "கொஞ்சம் சீனி கிடைக்குமா?" என்றார். மாமி பாதியை எடுத்துவிட்டும் இந்த நிலைமை. நான் சீனி டப்பாவைக் கொண்டுபோய் வைத்தேன். கண் முன்னால் சாம்பாரில் சர்க்கரை விழுவதைப் பார்ப்பது எனக்குப் பழகிய கஷ்டம்தான்.

பிறகு மகள் தாளைக் கொண்டுவந்தாள். கிளிப், பேட்டரி, பல்பு. விளக்கை அணைத்தோம். புரொபசர் இரண்டு கையையும் பல்பைச் சுற்றிக் குவித்து, அதற்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எரிகிறது," என்றார். "எறும்புக் கூட்டத்துக்குப் போதும்."

மகள் முகம் விழுந்தது.

அவர் தாளைக் கழற்றி வளைத்தார். உடையவில்லை. சுருட்டி மோதிரம் மாதிரி விரலில் சுற்றினார். உடையவில்லை. மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு தட்டிலிருந்த சாம்பாரைப் பார்த்தார். மறுபடி தாளை முகர்ந்தார்.

"இது என்ன வாசனை?"

"புளி, ஸார்."

"வெள்ளிக்கிழமை தூளாக உடைந்தது. இன்று ரப்பர் மாதிரி வளைகிறது. என்ன செய்தாய்?"

மாமி கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் அடி முன்னால் வந்து வங்காளத்தில், "நான்தான். அப்பளக்காரம் போட்டேன்," என்றார். கைதாகத் தயாரானவர் மாதிரி நின்றார்.

மகள் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். அந்த நிமிடத்தில்தான் அவளுக்கே அது தோன்றியிருக்க வேண்டும். கண் அகலமாகிவிட்டது.

"ஸார், இவ்வளவு நாளும் ஆசிட்டோடுதான் கொதிக்கவைத்துக் காயவும் வைத்தேன். அதனால்தான் ஸ்டார்ச் அறுந்தது. இன்று காய்வதற்கு முன்பே தெரியாமல் ஆசிட் போய்விட்டது. ஸ்டார்ச் முழுசாக நின்றது. முதலில் ஆசிட் இல்லாமல் நீலமாகவே தாளைச் செய்துவிட்டு, காய்ந்த பிறகு மேலாக ஆசிட் கொடுத்தால் என்ன? புளி வேண்டாம், லேபில் அளந்த ஆசிட். வரிசையை மாற்றினால் போதும் ஸார்!"

புரொபசர் இன்னும் அந்த மோதிரத்தைக் கழற்றவில்லை. "மாநாட்டுக்கு இதை எடுத்துப்போக மாட்டேன்," என்றார். "விமான நிலையத்தில் மோப்ப நாய் என்னை விடாது." பிறகு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு, "நான் திரும்பி வருவதற்குள் எறும்புகளுக்கு மட்டுமில்லாமல் மனிதர்களுக்கும் தெரிகிற மாதிரி ஒன்று செய். நீட்டிப்புக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன்," என்றார்.

அவர் படியிறங்கும் வரை மகள் அடக்கமாக நின்றாள். கதவு சாத்தியதும் மாமியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாமி, "அப்போ நான் போட்டது சரிதானே?" என்றார். "இல்லவே இல்லை, தப்பு," என்றாள் மகள், குதித்துக்கொண்டே.

அன்று நான் மொட்டை மாடியில் வடாம் வேட்டியின் பக்கத்தில் படுத்தேன். ரயில் நிலையங்களோடு ஒப்பிட்டால் நல்ல இடம். யாரும் லத்தியால் தட்டி எழுப்பவில்லை.

மறுநாள் காலை மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை இருக்கிறது என்றாள். தாளைக் காயவைக்க லேப் அடுப்பை நம்பிப் பயனில்லை, இந்த வெயில்தான் சரி. மழைக்காலம் வரும் வரை கூழை இங்கேயே காய்ச்சுவாள், ஆசிட்டை மட்டும் லேபில் கொடுப்பாள். நான் கூழ் கிண்ட வேண்டும், ஊற்ற வேண்டும், காக்காய் விரட்ட வேண்டும். வேளைக்குச் சாப்பாடு, படுக்க மாடி. என் கரண்டி கார்டன் ரீச்சில் போயிற்று. இங்கே இரண்டு கிடைத்தன. பச்சை நூல் கட்டியது அவளுடைய உருளிக்கு, சிவப்பு நூல் கட்டியது மாமியின் வடாம் கூழுக்கு. ஒன்று மற்றொன்றில் படக்கூடாது.

"இதெல்லாம் சின்ன வேலை அண்ணா. பெரிய வேலை வேற," என்று என் காதோடு சொல்லிவிட்டு அவள் கல்லூரிக்குப் போனாள்.

நான் உருளியின் முன்னால் நின்று பச்சை நூல் கரண்டியால் கிண்டத் தொடங்கினேன். கூழ் கெட்டிப்பட்டு வரும் நேரத்தில் மாமி சமையலறைக்குள் வந்தார். உருளியைப் பார்க்காத மாதிரி உருளியின் பக்கமாக நகர்ந்தார். வலது கை மூடியிருந்தது.

"மாமி, கையில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"கையைத் திறங்க மாமி."